கைதட்டத் தெரிந்தவர்களின் விண்வெளி

2023 ஆகஸ்ட் 23 மாலை விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், முதல் சந்திரயானின் மயில்சாமி அண்ணாதுரை கோதவாடிக்காரர் என்று ஊர்ப்பெயர்களை எல்லோரும் ஒப்பித்தோம். கைதட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த வாரம் எனக்குத் தெரிந்த சில இன்ஜினியர்களிடம் ஒரு எளிய கேள்வி கேட்டுப் பார்த்தேன். 1969இல் அப்பல்லோ 11 நான்கு நாளில் நிலவில் இறங்கியது. நமக்கு ஏன் 40 நாள்? "நம்ம பட்ஜெட் அவ்ளோதான் பாஸ்" என்றார்கள். பட்ஜெட் குறைந்தால் நாள் ஏன் கூட வேண்டும் என்றால் பதில் இல்லை. எல்லோரும் ஈர்ப்பியல் பாடத்தில் கெப்ளர் விதிகளை எழுதி மார்க் வாங்கியவர்கள்.

பதில் சொன்னவன் ஜெயமங்கலத்தில் இருக்கும் என் சித்தி மகன். அப்போது பதினொன்றாம் வகுப்பு. "சின்ன இன்ஜின்ணே. ஒரே மூச்சுல தள்ள முடியாது. பூமிக்குக் கிட்ட வர்றப்ப மட்டும் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளணும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் ஒசரும்."

அவ்வளவுதான் விஷயம். எல்விஎம்-3 ராக்கெட் சந்திரயான்-3ஐ ஏறக்குறைய 170க்கு 36,500 கிலோமீட்டர் என்ற நீள்வட்டத்தில் விட்டது. அதன்பின் ஜூலை 15 முதல் 25 வரை ஐந்து முறை இன்ஜினை இயக்கி அந்த வட்டத்தை நீட்டினார்கள். பூமிக்கு மிக அருகில் வரும்போதுதான் வேகம் அதிகம். அந்த இடத்தில் எரிக்கும் எரிபொருளுக்குத்தான் ஆற்றல் லாபமும் அதிகம். சாட்டர்ன்-5இன் மூன்றாம் கட்டம் மாதிரி ஒரேயடியாகத் தூக்கியெறியும் வலு நம்மிடம் இல்லை, அதனால் தவணையில் கட்டினோம். இதை அவன் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில், வலுவில்லாத இன்ஜினோடு பலமுறை சிக்கிக்கொண்டு தெரிந்துகொண்டான்.

மெக்சிகோவின் ஸ்குவாட் நிறுவனம் 2011இல் முதலில் வெளியிட்ட விளையாட்டு இது. பச்சை நிறக் குள்ளர்களுக்கு நீங்கள் ராக்கெட் கட்டித் தர வேண்டும். முதல் ராக்கெட் கவிழும், அடுத்தது வெடிக்கும். நேராக மேலே போனால் நேராகக் கீழே விழுவோம் என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். சுற்றுப்பாதைக்கு உயரத்தைவிடப் பக்கவாட்டு வேகம்தான் முக்கியம் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறும். பெரிய அதிர்ச்சி அதற்குப் பிறகு. முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால், நம் பாதை உயர்ந்து, சுற்றும் நேரம் நீண்டு, இன்னும் பின்தங்கிவிடுவோம். "முன்னாடி போறவனப் பிடிக்கணும்னா பிரேக் போடணும்ணே" என்றான் தம்பி. ஒரு செமஸ்டர் பாடம் அது.

இந்த விளையாட்டைப் பற்றி இரண்டு புகார்கள் உண்டு. ஒன்று பெற்றோருடையது: வெட்டி வேலை. இன்னொன்று விளையாடிப் பார்த்துப் பாதியில் விட்டவர்களுடையது: ரொம்பக் கஷ்டம், எதையும் ஒழுங்காகச் சொல்லித்தருவதில்லை. முதல் புகாரைச் சொல்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். விண்வெளி நிலையத்தில் ஆட்கள் ஏன் மிதக்கிறார்கள் என்று உங்கள் டிகிரிக்காரப் பிள்ளையிடம் கேளுங்கள். பெரும்பாலும் "அங்க கிராவிட்டி இல்ல" என்று பதில் வரும். தரையில் உள்ள ஈர்ப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. அவர்கள் நிலையத்தோடு சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள். வெட்டி வேலை எது, இதை விளக்காத நான்கு வருடமா, விளக்கிவிட்ட நாற்பது மணி நேரமா? இரண்டாவது புகார் எனக்குப் பாராட்டாகவே கேட்கிறது. சொல்லித்தந்து, கைபிடித்துக் கூட்டிப்போய், சரியான விடைக்கு நட்சத்திரம் ஒட்டும் ஆப்கள் நிறைய இருக்கின்றன. அவை தருவது இன்னொரு டியூஷன்.

விளையாட்டு பொய்யும் சொல்கிறது. அதிலுள்ள கெர்பின் கிரகத்தின் ஆரம் 600 கிலோமீட்டர், பூமியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோள்தான் கலத்தை இழுக்கும். ஆகவே சூரியனும் பூமியும் சேர்ந்து இழுப்பதால் அமையும் லெக்ராஞ்சு புள்ளி அதில் கிடையாது. ஆதித்யா-எல்1 போய்ச் சேர்ந்த இடம் அந்த உலகத்தில் இல்லவே இல்லை. ஆனால் இந்தக் குறையை முதலில் கண்டுபிடித்துத் திட்டுபவர்கள் விளையாடுகிறவர்கள்தான். கையில் எடுத்துப் பழகியவனுக்குத்தான் மாதிரி எங்கே பொய்க்கிறது என்று தெரியும். பாடப்புத்தகத்தின் எளிமைப்படுத்தலை எத்தனை மாணவர்கள் இப்படித் திட்டியிருக்கிறார்கள்?

தேனிக்காரனாக எனக்கு இது வெறும் விளையாட்டுப் பேச்சில்லை. இதே மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில், 50,000 டன் இரும்புக் காந்தக் கருவியோடு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மலையைக் குடைவது, வெடி வைப்பது, காடு, தண்ணீர் பற்றிய கேள்விகளெல்லாம் நியாயமானவை. ஆனால் நியூட்ரினோவே நம்மைக் கொன்றுவிடும் என்ற பயமும் அவற்றோடு கலந்து ஊர் ஊராகப் போனது. அந்தத் துகள்கள் ஒவ்வொரு விநாடியும் கோடானுகோடியாக நம் உடம்பைக் கடந்துகொண்டிருக்கின்றன. பயத்தை நம்பு என்றது ஒரு குரல், எங்களை நம்பு என்றது இன்னொரு குரல். சோதித்துப் பார்க்கும் பழக்கம் கேட்டவர்களுக்குப் பள்ளியிலேயே மறுக்கப்பட்டிருந்தது. பார்வையாளர்களாக வளர்க்கப்பட்ட மக்களால் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கத்தான் முடியும்.

காசில்லை என்று சொல்லாதீர்கள். மார்ட்டின் ஷ்வெய்கர் 2000இல் வெளியிட்ட ஆர்பிட்டர் என்ற சிமுலேட்டர் அன்றிலிருந்தே இலவசம். 2021 முதல் அதன் நிரலும் திறந்தே கிடக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் அங்கே பிள்ளைகள் ராக்கெட் வெடிக்கட்டும், அதற்கு மார்க் போடாமல் விடுங்கள். தமிழில் வழிகாட்டி எழுத ஆள் வேண்டுமென்றால் என்னைப் போல நிரல் எழுதிப் பிழைக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம்.

குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்காமலிருக்க வளைந்து போக வேண்டும், அந்த வளைவுக்கு எரிபொருள் போகும். சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே நேராகக் கடல்தான். அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பும் நாளில் ஊர்ப்பெருமை பேசப்போகிறவர்கள், இந்தக் காரணத்தையும் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள், ஒருவேளை அவன் விளையாடியிருப்பான்.