வெப்பமானி காட்டும் எண்ணை நம்பலாமா?

அரியமங்கலத்தைக் கடந்து தஞ்சைச் சாலையில் கிழக்கே சென்றால் திருவெறும்பூர். அங்கே 1965 முதல் இயங்கிவரும் 'பெல்' கொதிகலன் தொழிற்சாலையைத் திருச்சி வாசகர்கள் நன்கறிவர். அனல் மின் நிலையங்களுக்கான கனத்த குழாய்களைப் பற்றவைத்தபின், அவ்விணைப்பை மீண்டும் சூடேற்றிப் பதப்படுத்துவது இத்தொழிலில் இன்றியமையாத கட்டம். 9 சதவீதம் குரோமியம் கலந்த பி91 எஃகிற்கு இந்தச் சூடு ஏறத்தாழ 760 டிகிரி செல்சியஸ். குறைந்தால் இணைப்பு விறைத்து, வெடிப்புக் காணும். வரம்பு மீறினால் எஃகு வலிமை இழக்கும்.

இதனை அளப்பது தெர்மோகப்பிள். இருவேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்து, ஒரு முனையைச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். சீபெக் என்னும் அறிஞர் 1821இல் கண்டறிந்த விளைவு இது. பெரிதும் வழங்கும் 'கே' வகையில் ஒரு டிகிரிக்குக் கிடைப்பது சுமார் 41 மைக்ரோவோல்ட்தான்! அதுவும் இரு முனைகளின் சூட்டு வேறுபாட்டை மட்டுமே உணர்த்தும். தன் பக்கத்து முனையின் சூட்டைக் கருவியே அறிந்து கூட்டிக்கொள்ள வேண்டும். அதில் தவறினால் விடையும் தவறும்.

புத்தம் புதிய சாதாரணத் தரக் கம்பிக்கே 2.5 டிகிரி அல்லது முக்கால் சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை பிழை இருக்கலாம் என்கிறது பன்னாட்டுத் தரவிதி. 760 டிகிரியில் இது 5.7 டிகிரி. நெடுநாள் சூட்டில் கிடந்த கம்பி இன்னும் விலகிச் செல்லும். ஆகவேதான் உரிய காலத்தில் அளவுச் சோதனை அவசியமாகிறது. புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் நாட்டின் வெப்ப அளவுகளுக்கு உரைகல்லாக விளங்குகிறது. துத்தநாகம் உறையும் 419.527 டிகிரி போன்ற மாறாப் புள்ளிகளே இதற்கு அடிப்படை.

இத்தகைய கருவி இன்று சமையலறைக்கும் வந்துவிட்டது. (மலிவானவற்றுள் பல தெர்மிஸ்டர் வகை, சோதிக்கும் முறை ஒன்றே.) திரையில் 74.3 எனப் புள்ளி வைத்துக் காட்டுவதைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். கருவி 4 டிகிரி கூட்டிக் காட்டினால், 70 டிகிரியிலேயே அடுப்பை அணைத்துக் குழந்தைகளுக்குப் பரிமாறிவிடுவோம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். குவளை நிறைய நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது தண்ணீரும் இட்டுக் கலக்கி, முனை பாத்திரத்தில் படாமல் நடுவே பிடியுங்கள். 0 காட்ட வேண்டும். பின்னர், தளதளவெனக் கொதிக்கும் நீரில் திருச்சியில் ஏறத்தாழ 100 காட்ட வேண்டும். உதகையில் 93ஐ ஒட்டிக் காட்டினால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். மலைமேல் காற்றழுத்தம் குறைவு. இரு சோதனையிலும் ஒரே அளவு வித்தியாசம் தெரிந்தால், அதனைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவைக்கலாம்.