மூச்சு முட்டாது, அதான் பயமே!

காவேரியிலேர்ந்து குடமுருட்டி பிரியுறதே எங்க திருக்காட்டுப்பள்ளியிலதான், தெரியும்ல? மேட்டூர் திறந்து தண்ணி வந்துச்சுன்னா படித்துறையில எங்களுக்கு ஒரே போட்டிதான். யாரு ரொம்ப நேரம் உள்ள முங்கி தம் கட்டுறது? முங்குறதுக்கு முன்னாடி புஸ் புஸ்ஸுன்னு இருவது தடவை மூச்சை இழுத்து விடணும். பெரிய அண்ணனுங்க சொல்லிக் குடுத்த வித்தை.

அது எவ்ளோ பெரிய முட்டாள்தனம்னு, போன மாசம் சிங்கப்பூர்ல ஒரு நீச்சல் குளத்துல முதல்முறையா ரீபிரீதர் மாட்டிக்கிட்டப்போதான் உறைச்சுது.

ஸ்கூபாவுல நாம விடுற மூச்சு குமிழியா வெளிய போயிடும். காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம். வெளிய விடுறதுலயே இன்னும் 16 சதவீதத்துக்கு மேல மிச்சம் இருக்கு. ரீபிரீதர் அதை ஒரு பைக்குள்ள திருப்பி விட்டு, சோடா சுண்ணாம்பால கரியமில வாயுவை உறிஞ்சி, செலவான ஆக்சிஜனை மட்டும் சேத்து நமக்கே திருப்பிக் குடுக்குது. புது சமாச்சாரம் இல்ல, 1878லயே ஹென்றி ஃப்ளூஸ் பண்ணினது. 1880ல பிரிட்டன்ல வெள்ளம் புகுந்த செவர்ன் ரயில் சுரங்கத்துக்குள்ள, அலெக்சாண்டர் லாம்பர்ட் இதை மாட்டிக்கிட்டு இருட்டுல சுமார் 300 மீட்டர் போய் இரும்புக் கதவை மூடிட்டு வந்தார்.

தண்ணிக்குள்ள குமிழியும் இல்ல, சத்தமும் இல்ல. ஸ்கூபாவுல மூச்சை இழுத்தா கொஞ்சம் மேல எழும்புவோம். இதுல அசையவே இல்ல. காத்து பையிலேர்ந்து நுரையீரலுக்கு இடம் மாறுது, அவ்ளோதான்.

ஆனா இறங்குறதுக்கு முன்னாடியே மாஸ்டர் ஒண்ணு சொன்னார்: "உடம்பை நம்பாதே, மீட்டரைப் பாரு." ஏன்னா மூச்சு முட்டுறது ஆக்சிஜன் குறையுறதால இல்லையாம், கரியமில வாயு சேருறதாலயாம். இந்த மெஷின் அதை உறிஞ்சிடுது. ஆக்சிஜன் வரத்து நின்னு போனா மூச்சே முட்டாது. சத்தமில்லாம மயங்கிடுவோம். அதுக்குத்தான் மூணு சென்சார்.

கேட்டதும் எனக்கு குடமுருட்டிதான் ஞாபகம் வந்துச்சு. புஸ் புஸ்ஸுன்னு ஊதினா ஆக்சிஜன் பெருசா ஒண்ணும் கூடாது, கரியமில வாயுதான் குறையும். அபாய மணியோட ஒயரைப் பிடுங்குற மாதிரி. மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே ஆக்சிஜன் தீந்துடும். நல்லா நீச்சல் தெரிஞ்சவனும் கத்தாம, கை கால் உதறாம மயங்குவான். மேல நிக்கிறவன் "பய ஜெயிக்கப் போறான்டா"ன்னு எண்ணிக்கிட்டு இருப்பான்.

மெஷின்ல மூணு சென்சார். படித்துறையில பசங்களுக்கு ஒண்ணு கூட இல்ல.

"நாங்கள்லாம் அப்படித்தான் வளந்தோம், என்ன ஆயிடுச்சு?"ன்னு கேக்காதீங்க மக்களே. ஆனவன் வந்து சொல்லமாட்டான். ஆத்துல யாராச்சும் போயிட்டா சுழல் இழுத்துடுச்சுன்னு பேசுறோம், இந்தக் காரணத்தை யோசிக்கிறதே இல்ல. நீச்சல் சொல்லிக் குடுங்க, தாராளமா. தம் கட்டுற போட்டி மட்டும் வேணாம். லீவுக்கு ஊருக்குப் போனா அக்கா பையன்கிட்ட நான் முதல்ல சொல்லப்போறது இதைத்தான். நீங்களும் உங்க வீட்டுப் பசங்ககிட்ட சொல்லிடுங்க.

டிஸ்கி: "அந்த மெஷினை வாங்கப் போறீங்களா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. விலையைப் பாத்தேன். அப்பதான் நிஜமாவே மூச்சு முட்டுச்சு :-)