சோலைமந்திகளைக் காப்பவர்களுக்குத் துணை நில்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வால்பாறை நகரை ஒட்டியுள்ள புதுத்தோட்டத்தில், விடுமுறை வந்துவிட்டால் சாலையோரம் கார்களை நிறுத்திச் சிங்கவால் குரங்குகளுக்கு பிஸ்கட்டும் சிப்ஸும் வீசுகிறார்கள். தீனிக்குப் பழகிய குரங்குகள் சாலைக்கு இறங்கி வந்து, வேகமாக வரும் வண்டிகளில் அடிபட்டுச் சாகின்றன. இதைத் தடுக்க வேண்டிய துறைகள் எச்சரிக்கைப் பலகை வைத்ததோடு கடமை முடிந்தது என்று இருப்பதைக் கண்டித்தே இதை எழுதுகிறேன்.

சோலைமந்தி என்றும் நாம் அழைக்கும் இந்தக் குரங்கினம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழவில்லை. எஞ்சியிருப்பவை 4,000-க்கும் குறைவு என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு உச்சப் பாதுகாப்பு அளிக்கிறது. 1976-இல் களக்காடு சரணாலயம் அமைக்கப்பட்டதே இந்த இனத்துக்காகத்தான். ஒரு குட்டி ஈன்ற பெண் குரங்கு அடுத்த குட்டியை ஈன இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட இனத்தில் ஒரு தாய் சாலையில் செத்தால் அந்தக் கூட்டத்துக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

புதுத்தோட்டக் காடு 100 ஹெக்டேர்கூட இல்லை. காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் போட்டபோது மிஞ்சிய துண்டு அது. அதன் ஊடாகவே பொள்ளாச்சி சாலை போகிறது. மரத்துக்கு மரம் தாவியே வாழும் விலங்கு, கிளைகள் கோத்திராத இடத்தில் தரையில் இறங்கித்தான் சாலையைக் கடந்தாக வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே அவை பிழைத்திருக்கின்றன என்றால் அதற்கு உள்ளூர் மக்களும் காரணம். பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே மரங்களுக்கிடையே பாலங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. நம் ஊர்க்காரர்களே காவலர்களாகச் சாலையில் நின்று, குரங்குக் கூட்டம் கடக்கும்வரை வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். தீனி போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். பாடிகள் எனப்படும் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகளில் கூரைத் தகட்டைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் புகும் குரங்குகளைத் தொழிலாளர் குடும்பங்கள் சகித்து வாழ்கின்றன. கொழுந்து பறித்துச் சம்பாதித்து வாங்கி வைத்த அரிசியும் பருப்பும் வீணாகின்றன. காரில் வருபவர் வீசும் பிஸ்கட்டின் பலனை அனுபவிப்பது இந்தக் குடும்பங்கள்தான்.

சுற்றுலா இல்லாவிட்டால் ஊருக்குப் பிழைப்பில்லை என்று சிலர் சொல்கிறார்கள். பயணிகள் வரட்டும், கடைகளில் வியாபாரம் நடக்கட்டும். காட்டை ஒட்டிய அந்தச் சிறிய தொலைவை மெதுவாகக் கடந்தால் யாருடைய பிழைப்பும் கெட்டுவிடாது.

மக்களை நம்பிச் செய்த காரியம் இதே மலையில் பலன் தந்திருக்கிறது. யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்குகளாலும் முன்கூட்டித் தெரிவிக்கும் ஏற்பாடு வால்பாறையில் பல உயிர்களைக் காத்தது. தொழிலாளர்களும் ஆய்வாளர்களும் வனத்துறையும் கைகோத்ததால்தான் அது நடந்தது. குரங்குகள் மீது மட்டும் ஏன் அந்த அக்கறை இல்லை?

கோரிக்கைகள் இவைதான். காவலர் பணியை அரசே ஏற்று, உள்ளூர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் நிரந்தர வேலையாகவும் நியாயமான ஊதியத்தோடும் தர வேண்டும். தீனி போடுவோருக்கு அபராதம் விதிக்க, விடுமுறை நாள்களில் வனத்துறையும் காவல்துறையும் இந்தக் குரங்குக் காவலர்களோடு சாலையில் நிற்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறை புதுத்தோட்டத்தில் போதுமான வேகத்தடைகளை அமைத்துப் பராமரிக்க வேண்டும். குரங்கு திறக்க முடியாத மூடியுள்ள குப்பைத் தொட்டிகளை நகராட்சி வைக்க வேண்டும். எஸ்டேட் நிர்வாகங்கள் பாடி வீடுகளின் கூரைகளையும் ஜன்னல்களையும் செப்பனிட்டுத் தர வேண்டும். சாலை விரிவாக்கம் என்று மரங்களில் கை வைக்கும் முன் ஊர் மக்களைக் கேட்க வேண்டும்.

வால்பாறைக்கு வரும் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: புதுத்தோட்டத்தில் வண்டியின் வேகத்தைக் குறையுங்கள், தின்பண்டப் பையைத் திறக்காதீர்கள், சாலையில் நிற்கும் காவலர் சொல்வதைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வால்பாறை.