படலையைத் திறவுங்கள்!

ஓட்டமாவடி என்ற பெயரை நாடு முழுவதும் உச்சரித்தது 2021ஆம் ஆண்டிலேதான். கொரோனா நோயால் இறந்த முஸ்லிம் மக்களின் உடல்களை எரித்தே தீருவோம் என்று மாதக்கணக்கில் அடம்பிடித்த அரசு, ஈற்றில் இறங்கிவந்து, அடக்கம் செய்வதற்கு இவ்வூர் மண்ணைக் காட்டியது. நாற்றிசையிலிருந்தும் கொண்டுவரப்பட்ட 3,000க்கும் மேற்பட்டோர் இன்று மஜ்மா நகரில் உறங்குகின்றனர். அதற்கு முந்திய ஆண்டிலே, அயலிலுள்ள புணானையில் உயர்கல்விக்கென எழுப்பப்பட்ட கட்டடங்கள் தனிமைப்படுத்தல் நிலையமாயின. இறந்தோர்க்கு இடங்கொடுத்தது இந்த மண். நோய்க்கு அஞ்சி ஒதுக்கப்பட்டோர்க்கும் இடங்கொடுத்தது. இந்த மண்ணிற் பிறந்து கற்க விழையும் பிள்ளைக்கு, நாளைய உலகை நடத்தப்போகும் கணினிக் கல்வியிலே உரிய இடம் உண்டா? இதுவே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

“இடத்துக்கா பஞ்சம்?” என்று சிலர் கேட்பர். ஓட்டமாவடியிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் வழியில் வந்தாறுமூலை இருக்கிறது. அங்கே 1981ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது கிழக்குப் பல்கலைக்கழகம். அதன் திருகோணமலை வளாகத்திலே கணினி விஞ்ஞானத்துக்குத் தனித் துறையே உண்டு. தெற்கே, 1996இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம், சம்மாந்துறையிலுள்ள தன் பிரயோக விஞ்ஞான பீடத்தில் அக்கல்வியை ஊட்டுகின்றது. எல்லாம் உண்மையே. கட்டடம் உண்டு; கணினி உண்டு; கற்றறிந்த விரிவுரையாளரும் உண்டு. ஆனால், கற்க வருபவனின் மொழிக்கு அங்கே இடம் இல்லை!

வாயிலில் நேரும் விபத்து

ஓட்டமாவடியிலோ வாழைச்சேனையிலோ உள்ள ஒரு மாணவனை எண்ணிப் பாருங்கள். அவன் தந்தை வயல் செய்பவர். முதலாம் வகுப்பு முதல் உயர்தரம் வரை பதின்மூன்று ஆண்டுகள் அவன் தமிழிலே கற்கின்றான். தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தையும் தமிழிலேயே கற்று, தமிழிலேயே பரீட்சை எழுதிச் சித்தியெய்துகின்றான். அவன் பாடத்திலே ‘தர்க்கப் படலை’ என்றொரு சொல் வரும். படலையை அறியாத பிள்ளை எம்மூரில் உண்டா? ஒன்றன்பின் ஒன்றாக இரு படலைகள் இருந்தால், இரண்டும் திறந்தால்தான் மாடு வளவுக்குட் புகும். அருகருகே இரு படலைகள் இருந்தால், எது திறந்தாலும் புகும். கணினியின் வயிற்றுக்குள்ளே நடக்கும் கோடிக்கணக்கான தீர்ப்புகளுக்கு அடிப்படை இந்த எளிய உண்மையே.

‘பாய்ச்சற் கோட்டுப்படம்’ என்று மற்றொரு சொல். மேல்வயல் நிரம்பியதா? ஆம் எனின் வாய்க்காலை அடை, இல்லையெனின் இன்னும் விடு, மீண்டும் பார். நீர் பாய்ச்சும் உழவன் காலங்காலமாகச் செய்துவரும் இதனையே, படமாக வரைந்து கணினிக்குக் கற்பிக்கின்றனர். தமிழிற் கற்கும்போது விஞ்ஞானம் அவனுக்கு அயல்வீட்டுப் பொருளாகத் தோன்றுவதில்லை.

அவனே பல்கலைக்கழக வாயிலை மிதித்ததும் நிகழ்வது என்ன? விரிவுரை ஆங்கிலம், நூல் ஆங்கிலம், வினாத்தாள் ஆங்கிலம், விடையும் ஆங்கிலம். நேற்றுவரை விளங்கிய படலை இன்று விளங்காத பூட்டாகி விடுகின்றது. கருத்தைப் பிடிப்பதா, மொழியைப் பிடிப்பதா என்று இரண்டுக்கும் நடுவே அவன் திண்டாடுகின்றான். ஈற்றில், விளங்காததை மனனஞ் செய்து ஒப்புவிக்கும் பழக்கம் வளர்கின்றது. கிளிப்பிள்ளைக் கல்வியாற் பட்டம் கிடைக்கலாம். புதியது படைக்கும் ஆற்றல் கிடைக்குமா? நகரத்திலே, ஆங்கிலம் பேசும் வீட்டிலே பிறந்தவன் முன்வரிசையில் அமர, உழவன் மகன் பின்வரிசையில் வாய்மூடி இருப்பதற்கு அறிவுக் குறைவா காரணம்? 1945இல் இலவசக் கல்வி வந்தபோது வறியவன் பிள்ளைக்குத் திறந்த கதவு, மொழி என்னும் தாழ்ப்பாளால் மீண்டும் அடைபடுகின்றதே!

மறுப்போர் கூற்று

“கணினியின் மொழி ஆங்கிலம், ஆங்கிலம் அறியாதவன் கணினியைத் தொடலாமா?” என்பர் ஒரு சாரார். கணினிக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை ஒன்றும் பூச்சியமுமே. இன்று உலகெங்கும் பயிலப்படும் பைத்தன் என்னும் செய்நிரல் மொழிக்கு உரிய ஒதுக்கச் சொற்கள் 35 மட்டுமே. அவற்றைக் கற்க ஒரு கிழமை போதும். ஏனைய பெயர்களையெல்லாம் தமிழிலே இட்டாலும் அம்மொழி ஏற்றுக்கொள்ளும். உலக மொழிகளின் எழுத்துகளையெல்லாம் கணினியில் ஒருங்கே சேர்த்த ஒருங்குறி, 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்தது. இயந்திரம் இடமளித்துவிட்டது, நம்மவரே இன்னும் இடமளிக்கவில்லை.

“ஆங்கிலம் இன்றேல் வேலை கிடைக்குமா?” என்பர் வேறு சிலர். ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் எங்கே கூறினோம்? நன்றாகக் கற்பியுங்கள்! ஆங்கிலத்தை மொழியாகக் கற்பிப்பது வேறு. மொழி தெரியாதவனுக்கு அம்மொழியிலே விஞ்ஞானத்தை ஊற்றுவது வேறு. முன்னது கல்வி, பின்னது தண்டனை. யப்பானியரும் கொரியரும் சீனரும் தத்தம் மொழியிற் கணினி கற்றே உலகச் சந்தையில் முன்னணியில் நிற்கின்றனர்.

“சொற்கள் எங்கே? நூல்கள் எங்கே?” என்பர் இன்னுஞ் சிலர். இவ்வினாவை எழுப்பும் உரிமை இத்தேசத்துத் தமிழனுக்கு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள், சென்னையிலே தமிழறிஞர் கூடிக் கலைச்சொல் ஆக்கியபோது அதற்குத் தலைமை தாங்கினார். பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. முன்னோர் வெட்டிய வாய்க்காலைத் தூர்ந்துபோக விட்டு, நீர் வரவில்லையே என்று முறையிடுவது எவ்வாறு நியாயமாகும்?

“சிங்கள மாணவரும் அங்கே பயில்கின்றனரே?” என்பது இறுதியான வினா. நல்ல வினா! அவர்களுள்ளும் உழவர் பிள்ளைகள் உண்டு. அவர்களையும் இதே சுவர் தடுக்கின்றது. அவர்க்குச் சிங்களத்திலே துணைவகுப்பு நடத்துக. எம்மவர்க்குத் தமிழிலே நடத்துக. ஒருவர் உரிமையைப் பறித்து மற்றவர்க்குக் கொடுக்குமாறு நாம் கேட்கவில்லை.

உழவனுக்கு இதிலென்ன?

வயலில் நிற்கும் பெருமக்கள், “இது படித்தவர் வழக்கு, எமக்கென்ன?” என்று எண்ணுதல் கூடாது. 2021இல் இரசாயனப் பசளைக்கு அரசு திடீரெனத் தடை விதித்தபோது உழவர் குடி பட்ட பாட்டை மறப்பார் யார்? எந்தக் கண்டத்தில் எவ்வளவு பசளை இட்டோம், எவ்வளவு நெல் கண்டோம் என்ற கணக்கைப் பல போகங்களுக்குத் திரட்டி, தமிழிலே உழவர் கையில் வைத்திருந்தால், அதிகாரியின் முன்னே கண்ணீரோடு இலக்கத்தையும் வைத்து வாதாடியிருக்கலாம். வாகனேரிக் குளத்தின் நீர்மட்டத்தை அளந்து, வான் எப்போது பாயும் என்று கணித்து, வட்டவிதானையின் கைத்தொலைபேசிக்குத் தெளிந்த தமிழிற் செய்தி அனுப்பும் செய்நிரலை எழுதுபவர் யார்? 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியைக் கண்ட மாவட்டம் இது. எச்சரிக்கை ஒருவனுக்கு விளங்கும் மொழியில் வருவது உயிர்ப் பிரச்சினை. இவற்றையெல்லாம் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து செய்வார் என்று காத்திருப்பது பேதைமை.

இன்று செயற்கை நுண்ணறிவு என்று உலகம் ஆர்ப்பரிக்கின்றது. எழுதிவைத்தவற்றைப் படித்தே அந்த இயந்திரம் பேசுகின்றது. எழுதப்படாததை அது அறியாது. மட்டக்களப்பு உழவன் சூடு என்பதும், வேளாண்மை என்று பயிரையே குறிப்பதும், எவரும் எழுதிவையாவிடின் அதற்கு எட்டுமா? நாளைக்கு உழவன் கேட்கும் கேள்விக்கு அது வேற்றூர் விடையையே தரும்.

இதுவரை கணினியிலே தமிழை ஏற்றியோர் யாவர்? மலேசியாவில் முத்து நெடுமாறன், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, சுவிற்சர்லாந்திலிருந்து மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கலியாணசுந்தரம். ஈழத்து நூல்களை மின்வடிவாக்க 2005இல் எழுந்த நூலகம் திட்டமும் தன்னார்வலரின் உழைப்பே. இவர்கள் செய்ததை ஒரு துறையின் கடமையாக ஏற்று, ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை எம் பல்கலைக்கழகங்கள் அன்றோ?

நாம் கேட்பவை

1956இல் தமிழுக்குக் கதவடைத்தபோது நம் மக்கள் தெருவில் இறங்கினர். 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை கண்டாற் கொதித்தெழும் நம் பிரதிநிதிகள், கணினித் துறையின் விரிவுரை மண்டபத்தில் நம் பிள்ளை ஊமையாவதைப் பற்றிப் பாராளுமன்றத்தில் எத்தனை முறை வாய்திறந்தனர்?

கேட்பவை பெரியன அல்ல. முதலாண்டிலே ஒவ்வொரு கணினிப் பாடத்துக்கும் தாய்மொழித் துணைவகுப்பு ஒன்று வேண்டும். முதலாண்டு விடைகளைத் தாய்மொழியிலும் எழுத விடவேண்டும். கிழக்கிலும் வடக்கிலுமுள்ள துறைகள் கூடி, தமிழகத்தாரோடு கலந்து, ஒரே கணினிச் சொற்றொகுதியை ஆக்கவேண்டும். இறுதியாண்டு மாணவன் செய்யும் ஆய்வுக்கு, அவன் தந்தை படித்து விளங்கத்தக்க தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாக வேண்டும். உழவர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தம் இடர்ப்பாடுகளை அத்துறைகளிடம் கொண்டுசென்று, ஆய்வுக்கு எடுங்கள் என்று கேட்கவேண்டும்.

வாழைச்சேனைக் காகித ஆலையிலே, வயலில் எஞ்சிய வைக்கோலிலிருந்து காகிதம் செய்தவர்கள் நாம். உழவனின் சொல்லிலிருந்து விஞ்ஞானம் செய்ய இயலாதா? ஓட்டமாவடி முஸ்லிமும் வாழைச்சேனைத் தமிழனும் எத்தனையோ காரியங்களில் மாறுபட்டு நின்றதுண்டு. வீட்டிலே பேசுவது ஒரே தமிழ். தமிழ் பேசும் மக்கள் அனைவர்க்கும் பொதுவான இவ்வழக்கிலே பிரிந்து நிற்பதற்கு எவர்க்கும் நியாயம் இல்லை.

பிள்ளை படலையிலே நிற்கின்றான். உள்ளே இருப்போரே, திறவுங்கள்! வெளியே நிற்கும் பெற்றோரே, திறக்கும்வரை தட்டுங்கள்!