இரண்டாம் மொழிக் கல்வியும் உறவுமுறைக் கடிதமும்

இரண்டாம் மொழியாகத் தமிழைப் பயிலும் சிங்கள மாணவருக்கு உறவுமுறைக் கடிதம் கற்பிக்கப்படும் முறை பெரும்பாலும் சட்டகத்தைக் கற்பிப்பதோடு நின்றுவிடுகின்றது. மேல்மூலையில் முகவரி, அதன்கீழ்த் திகதி, "அன்புள்ள நண்பனுக்கு" என்னும் விளி, "நான் நலம், நீ நலமா?" என்னும் விசாரிப்பு, "இப்படிக்கு" என்னும் முடிப்பு ஆகியவற்றை மனனஞ் செய்தவன் கடிதம் எழுதக் கற்றவனாகக் கொள்ளப்படுகின்றான். இக்கொள்கை தவறானது.

தமிழில் எழுதுவோனுக்கும் பெறுவோனுக்கும் இடையிலான உறவு முன்னிலைப் பெயரிலும் வினைமுற்றிலும் பதிந்து கிடக்கின்றது. யாழ்ப்பாண வழக்கில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்னும் மூன்றும் மூன்று வேறு நெருக்கங்களைச் சுட்டுவன. 'வா', 'வாரும்', 'வாருங்கள்' என்பனவும் அவ்வாறே. ஒத்த வயதுச் சகபாடிக்குப் பொருந்தும் 'நீர்' தாய்மாமனுக்குப் பொருந்தாது. மாதிரிக் கடிதம் ஒன்றையே நெட்டுருச் செய்தவன், நண்பனின் தாயாருக்கு எழுத நேருங்கால் "நீ நலமா?" என்றே தொடங்கக்கூடும். அதில் இலக்கணப் பிழை யாதுமில்லை; ஆயினும் அத்தாய் மனம் வருந்துவாள்.

கடிதத்திற்கு எழுத்து வழக்கே உரியது, ஆதலின் பொது மாதிரியே பாதுகாப்பானது என்பர் சிலர். 1959 இல் இரட்டை வழக்குப் பற்றி எழுதிய சார்ள்ஸ் பேர்கசனும் தனிப்பட்ட கடிதத்தை உயர்வழக்கின்பாலே வைத்தார். எனினும் எழுத்து வழக்கிலும் 'வந்தாய்', 'வந்தீர்', 'வந்தீர்கள்' என உறவு வெளிப்பட்டே தீரும். அவ்வழக்கினுள் ஒளிந்துகொள்ள இடமில்லை.

தொடக்க மாணவருக்கு இது கடினம் என்பது மற்றொரு வாதம். சிங்களத்திலும் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறானவை. எழுத்துச் சிங்களத்தில் எழுவாய்க்கேற்பத் திரியும் வினை பேச்சில் திரிவதில்லை. 'உம்ப', 'ஒயா', 'ஒப' என்னும் வேறுபாட்டை அம்மாணவன் நாள்தோறும் கையாளுகின்றான். அவனிடம் ஏலவே உள்ள அறிவைத் தட்டியெழுப்பாத ஆசிரியர், மாணவன்மீது குறைகூறல் முறையன்று.

1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 2007 யூலை முதல் அரச சேவையிற் சேர்வோர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என விதிக்கப்பட்டது. ஆயின் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியெய்திய அலுவலர், அயல்வீட்டுத் தமிழ் முதியவருக்குத் துயர்பகிர்ந்து நான்கு வரி எழுதவியலாது தயங்குவாராயின் அத்தேர்ச்சியாற் பயன் என்ன?

இன்று கைத்தொலைபேசிச் செய்தியில் முகவரிக்கே இடமில்லை. 'நீ'யா 'நீங்க'ளா என்னும் தெரிவு மட்டும் எஞ்சியுள்ளது. எனவே ஒரே செய்தியைத் தோழனுக்கும், ஆசிரியருக்கும், தோழனின் தாயாருக்குமாக மூன்று முறை எழுதுவிக்க வேண்டும். புள்ளிகளும் அவ்வேறுபாட்டிற்கே வழங்கப்படல் வேண்டும்.