வால்வு மாத்தியாச்சு... கரன்ட் ஒழுங்கா போகுதா?

வால்வு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க ஆப்பிளும் சாத்துக்குடியுமாகப் போகிறவர்கள் கேட்கிற கேள்விகளைக் கவனித்திருக்கிறீர்களா? 'மெட்டல் வால்வா, திசு வால்வா?', 'எத்தனை வருஷம் வருமாம்?', 'கீரை சாப்பிடலாமா?', 'இன்ஷூரன்ஸ்ல எவ்வளவு கழிச்சான்?' எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் 'டிஸ்சார்ஜ் அன்னிக்கு எடுத்த ஈ.சி.ஜி. எப்படி இருந்தது? ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்ததுக்கும் அதுக்கும் வித்தியாசம் உண்டா?' என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. வந்தவர்களை விடுங்கள், வீட்டில் இருப்பவர்களே கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வி வால்வின் கம்பெனிப் பெயரைவிட முக்கியமானது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

இதயம் ஒரு பம்பு, வால்வு அதன் கதவு. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பம்பு ஓட கரன்ட் வேண்டாமா? வலது மேலறையில் உள்ள ஒரு சின்னக் கணுவில்தான் அந்த மின்துடிப்பு பிறக்கிறது. மேலறைகளைக் கடந்து, நடுவில் இருக்கும் இரண்டாவது கணுவில் ஒரு கணம் தயங்கி, அங்கிருந்து 'ஹிஸ் கட்டு' என்கிற மெல்லிய இழைக்கட்டு வழியாகக் கீழே இறங்கி, வலது கிளை இடது கிளை என்று பிரிந்து கீழறைகளைச் சுருங்க வைக்கிறது. மேலிருந்து கீழே போக சாதாரணமாக இந்த ஒரே பாதைதான். இந்தக் கட்டை 1893-ல் கண்டுபிடித்தவர் வில்ஹெல்ம் ஹிஸ். இரண்டாவது கணுவையும் முழுப் பாதையையும் 1906-ல் விளக்கியவர், ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்த சுனாவோ தவாரா என்ற ஜப்பானிய டாக்டர்.

வம்பு எங்கே என்றால், இந்த ஹிஸ் கட்டு அயோர்டிக் வால்வுக்கு நேர் கீழே, சில மில்லிமீட்டர் தூரத்தில் ஓடுகிறது. இரண்டாவது கணுவோ மைட்ரல், ட்ரைகஸ்பிட் வால்வுகளுக்குப் பக்கத்து வீடு. சுவருக்குள் ஒயர் ஓடுகிற இடத்தில் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பது போலத்தான் வால்வு ஆபரேஷனும். சர்ஜன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், சுண்ணாம்பு படிந்த பழைய வால்வைச் சுரண்டி எடுக்கும்போதோ, புதியதைத் தைக்கும்போதோ அந்த இழைகள் அடிபடலாம். வெறும் வீக்கத்தால்கூட கரன்ட் தடைபடலாம். வீக்கம் என்றால் சில நாளில் வடிந்து, பாதை திறந்துகொள்ளும். இழையே அறுந்திருந்தால் திறக்காது. அதனால்தான் ஆபரேஷன் முடிந்து வரும்போது நெஞ்சுக்குக் கீழே மெல்லிய ஒயர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. தேவைப்பட்டால் அவற்றை ஒரு சின்னப் பெட்டியில் இணைத்துத் துடிப்பு கொடுப்பார்கள். 'இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்' என்று டாக்டர் இழுத்தடிப்பதாகத் தோன்றினால் கோபப்படாதீர்கள். வீக்கம் வடிகிறதா என்று பார்க்கிறார்.

அந்தப் பெட்டியின் கதையைக் கேட்டால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். 1950-களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் வால்டன் லில்லிஹை என்ற சர்ஜன் குழந்தைகளின் இதய ஓட்டைகளை அடைத்துவந்தார். தையல் கச்சிதம், ஆனால் சில குழந்தைகளுக்குக் கரன்ட் பாதை அடைபட்டு உயிர் போனது. 1957-ல் இதயத் தசையில் ஒரு ஒயரை வைத்து, சுவர் பிளக்கில் ஓடும் கருவியால் துடிப்பு கொடுத்துக் காப்பாற்ற ஆரம்பித்தார். அதே வருஷம் அக்டோபர் 31-ம் தேதி ஊரே இருட்டாகும்படி கரன்ட் போயிற்று! உடனே அவர் கூப்பிட்டது, ஆஸ்பத்திரிக் கருவிகளை ரிப்பேர் செய்துவந்த ஏர்ல் பாக்கன் என்பவரை. 'பாட்டரியில் ஓடும்படி ஒன்று செய்து கொடு' என்றார். நாலே வாரத்தில், ஓர் எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்திருந்த தாளக் கருவியின் சர்க்யூட்டை மாற்றி, கையடக்கப் பெட்டி ஒன்றைத் தன் கராஜில் செய்துவிட்டார் பாக்கன். ஆக, இதய ஆபரேஷனால் கரன்ட் தடைபடுவது புதிதாக வந்த விபரீதம் இல்லை. பாட்டரி பேஸ்மேக்கர் பிறந்ததே அதற்காகத்தான்.

இப்போது நெஞ்சைப் பிளக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகவே அயோர்டிக் வால்வை வைக்கிறார்கள். 'டாவி' என்று பெயர். 2002-ல் பிரான்ஸில் அலேன் க்ரிபியே முதன்முதலாகச் செய்தார். வயதானவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம், மறுப்பதற்கில்லை. ஆனால் இதில் பழைய வால்வை எடுப்பதில்லை, அதை ஓரமாக நசுக்கிக்கொண்டு புதியது உட்காருகிறது. அந்த அழுத்தம் நேராகக் கரன்ட் பாதையின் மேல்! 2019-ல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளைப் பாருங்கள். பலூனால் விரிக்கிற வால்வு வைத்தவர்களில் 30 நாளுக்குள் பேஸ்மேக்கர் தேவைப்பட்டது 6.5 சதவிகிதம், அதே ஆய்வில் திறந்த ஆபரேஷன் செய்தவர்களில் 4 சதவிகிதம். தானாக விரிகிற வால்வை வைத்த இன்னொரு ஆய்வில் 17.4 சதவிகிதம், அங்கே திறந்த ஆபரேஷனில் 6.1 சதவிகிதம். 'தழும்பு இல்லை, நாலு நாளில் வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள். முக்கியமாக, ஏற்கெனவே ஈ.சி.ஜி.யில் 'வலது கிளை அடைப்பு' இருப்பவருக்கு இந்த ஆபத்து அதிகம். மிச்சம் இருந்த இடது கிளையும் அடிபட்டால் கீழே கரன்ட் போக வழி ஏது?

நான் உண்மையில் பயப்படுவது ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களைப் பற்றி அல்ல. அங்கே மானிட்டர் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார். வீட்டில் இருப்பது ஒரே ஒரு வார்த்தை: 'வீக்னெஸ்'.

பாத்ரூம் போய் வரும்போது கண் இருட்டிற்று, வீக்னெஸ். பூஜை அறையில் நின்றவர் சரிந்து உட்கார்ந்தார், வீக்னெஸ். மாடிப்படி நாலு ஏறியதும் தலை சுற்றல், 'பாவம், பெரிய ஆபரேஷன் இல்லையா, உடம்பு தேற வேண்டாமா? ரெண்டு முட்டை சேர்த்துக் கொடு!' சில நேரம் அது நிஜமாகவே வீக்னெஸ்தான். ரத்தசோகையாக இருக்கலாம், உப்புக் குறைவாக இருக்கலாம், பி.பி. மாத்திரை அதிகமாக இருக்கலாம். ஆனால் முதல் சில வாரங்களில் கரன்ட் பாதை திடீரென்று முழுசாக அடைபட்டுப் போவதும் உண்டு. எது என்பதைச் சமையலறையில் தீர்மானிக்க முடியாது, ஈ.சி.ஜி.தான் சொல்லும். வால்வு மாற்றியவருக்கு மயக்கம் வந்தால், எழுந்து காபி குடித்து நன்றாகப் பேசினாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரி. 'அடுத்த செக்கப்புக்கு இன்னும் பத்து நாள்தானே' என்று தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மெட்டல் வால்வு வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அவர் மயங்கி விழுந்து மண்டையில் அடிபட்டால் வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே ரத்தம் கசியும். நமக்கு வந்தால் 'ஒரு பெயின் பாம் தடவு' என்று போகிற அடி, அவருக்கு அப்படியில்லை.

உங்கள் வீட்டிலேயே ஒரு காவல்காரன் இருக்கிறான், நீங்கள்தான் அவனை மதிப்பதில்லை. பி.பி. பார்க்கிற டிஜிட்டல் மெஷினில் மூன்று எண்கள் வருமே, மேலே இரண்டையும் நோட்டில் எழுதுகிறீர்கள், கீழே வருகிற மூன்றாவதை விட்டுவிடுகிறீர்கள். அதுதான் நாடித்துடிப்பு! துடிப்பு ஒழுங்கற்று இருந்தால் மெஷின் தவறலாம், ஆகவே மணிக்கட்டில் விரல் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிஷம் எண்ணுங்கள். வழக்கமாக 75 இருந்தவருக்கு 45 என்று வந்தால் டாக்டருக்கு போன் போடுங்கள்.

பழைய மாத்திரைப் பெட்டியையும் ஒரு முறை கொட்டிப் பாருங்கள். இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரைகள் சில, அடிபட்ட கரன்ட் பாதையை இன்னும் மந்தமாக்கும். பழைய சீட்டில் இருந்தது, புதுச் சீட்டில் வேறு பெயரில் இருப்பது, இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் நிறையப் பேர். அதேபோல், வால்வு மாற்றியவருக்கு விடாத காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காதீர்கள். புது வால்வில் கிருமி தொற்றினால் அது பக்கத்திலிருக்கும் கரன்ட் பாதையையும் அரிக்கும். ஈ.சி.ஜி.யில் புதிதாகத் தடை தெரிவது அதற்கு ஓர் அடையாளம்.

சரி, பேஸ்மேக்கர் வைக்கச் சொல்லிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 'வால்வு ஆபரேஷன் ஃபெயில் ஆயிடுச்சு, அதான் மெஷின் வைக்கிறாங்க' என்று சொந்தக்காரர்கள் கிளப்பிவிடுவார்கள். காதில் வாங்காதீர்கள். வால்வு வேறு, ஒயரிங் வேறு. சிலருக்கு மாதங்கள் கழித்துச் சொந்தக் கரன்டே திரும்பி, பேஸ்மேக்கர் சும்மா காவல் காக்கிறது. ஆனால் வலது கீழறையிலிருந்தே வருஷக்கணக்கில் துடிப்பு கொடுத்தால் சிலருக்கு இதயத் தசை தளர்வதும் உண்டு. அதைத் தவிர்க்க இப்போது ஹிஸ் கட்டிலோ இடது கிளையிலோ நேராக ஒயர் வைக்கிற முறை வந்திருக்கிறது. 'எங்க அப்பாவுக்கு எது பொருந்தும்?' என்று கேட்பதில் தவறே இல்லை.

புதிதாக 'இடது கிளை அடைப்பு' வந்து, பேஸ்மேக்கர் வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர்களை மறக்கக் கூடாது. இவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். நன்றாகத்தான் இருப்பார்கள், ஆனால் பாதை பின்னால் முழுசாக அடைபடலாம், பம்பின் பலமும் குறையலாம். அடுத்த ஈ.சி.ஜி. எப்போது, ஹோல்டர் மானிட்டர் மாட்டிப் பார்க்க வேண்டுமா, எக்கோ எப்போது என்று தேதி வாங்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள். மயக்கம் வந்திருந்தால் டாக்டர் சரி சொல்லும்வரை ஸ்கூட்டர் சாவியைக் கையில் கொடுக்காதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஈ.சி.ஜி. வேண்டுமே. அந்தத் தாள் பெரும்பாலும் சூடு பட்டால் கறுக்கிற ரகம், நாளாக ஆகக் கோடுகள் மங்கிவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனால் முழுசும் கறுத்துவிடும். வாங்கின அன்றே ஜெராக்ஸ் எடுத்து, செல்போனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முந்தையது ஒன்று, டிஸ்சார்ஜ் அன்று எடுத்தது ஒன்று.