அம்மம்மாவும் ஒரு முக்காற்புள்ளியும்

சனிக்கிழமை காலைச் சண்டை உங்கள் வீட்டிலும் நடக்கும் என்று நினைக்கிறேன். "தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடு." "மாட்டன்." எங்கள் வீட்டில் போன இலையுதிர் காலத்தோடு அந்தச் சண்டை நின்றுவிட்டது. நான் வென்று நிற்கவில்லை, களைத்துப்போய் விட்டுவிட்டேன். மகளுக்கு 13 வயது. என் அம்மா எங்களோடுதான் இருக்கிறா. அவவுக்கும் பிள்ளைக்கும் இடையில் மிஞ்சியது "சாப்பிட்டியா", "ஓம்", "குளிருதா", "இல்லை" என்ற நாலு சொல்தான். அதை நான் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டு, பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போட்டேன்.

ஒரு மழை நாள், பிள்ளை என் மேசைக்கு வந்து நின்றாள். "அம்மா, நீங்கள் வேலையில என்னதான் செய்யிறனீங்கள்? எனக்கும் காட்டுங்கோ."

நான் கருவிகளுக்குத் திரை எழுதுகிறவள். பட்டன், ஸ்லைடர், மணிக்கூடு எல்லாம் எந்த இடத்தில், எந்த அளவில், எதைத் தொட்டால் எது மாறும் என்று எழுதுவது. அதற்கு நான் பாவிக்கும் மொழி கியூஎம்எல். இது கியூட் என்ற பெரிய மென்பொருள் தொகுப்பின் ஒரு பகுதி. கியூட் எங்கள் ஊர்ப் பிள்ளை என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஹோவார்ட் நூர், ஐரிக் ஷாம்ப்-எங் என்ற இரண்டு நோர்வேக்காரர் 1994இல் இங்கே ஒஸ்லோவில் தொடங்கிய கம்பனியில் வளர்ந்தது அது. பிறகு நோக்கியா வாங்கியது, இப்போது தலைமையகம் பின்லாந்தில். கியூஎம்எல் 2010இல் கியூட் 4.7ஓடு வந்தது.

என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவளே சொன்னாள்: தமிழ் எழுத்து அட்டவணை. அம்மம்மா ஒரு எழுத்தைச் சொல்ல வேண்டும், இவள் அதைத் தொட வேண்டும், சரியா பிழையா என்று அம்மம்மா பார்க்க வேண்டும். அம்மாவுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டு வருகிறது, பத்திரிகை வாசிப்பதை விட்டு ஒரு வருடமாகிறது. அதனால் எழுத்தைப் பெரிதாக்க ஒரு ஸ்லைடரும் வேண்டும். நான் ஒன்றும் பேசவில்லை, பேசினால் கெடுத்துவிடுவேன்.

முதல் கிழமை நான் நோர்வேஜியனில் வகுப்பு எடுத்தேன், அம்மா சோபாவில் சும்மா இருந்தா. அப்படியே போயிருக்கும், அங்கர் என்ற சொல் வராவிட்டால்.

அங்கர் என்றால் நங்கூரம். ஒரு பொருளின் இடப்பக்கத்தை, அடியை, நடுவை இன்னொரு பொருளில் கட்டிவைப்பது. கியூஎம்எல்லில் பொருட்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும்: ஜன்னலுக்குள் பெட்டி, பெட்டிக்குள் எழுத்து. வெளியில் இருப்பதற்குப் பெயர் பேரன்ட். எழுத்தைக் கொண்டுபோய் நேராக வெளி ஜன்னலின் அடியில் கட்டப் பார்த்தாள். விடாது. பேரன்டில் கட்டலாம், கூடப் பிறந்ததில் கட்டலாம், அதற்கு மேலே போக ஏலாது என்று எச்சரிக்கை எழுதிக் காட்டும்.

பிள்ளை தமிழில் கத்தினாள்: "ஏன், அம்மம்மாவில கட்ட ஏலாதா?"

சோபாவிலிருந்து அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தா. "என்ன பிள்ளை, என்னை ஏன் கட்டப் போறியள்?"

சிரித்து முடிய அவவுக்கு விளங்கப்படுத்த வேண்டி வந்தது. பிள்ளை தொடங்கினாள், நாலாவது சொல்லில் நின்றாள். நான் தொடர்ந்தேன். நானும் நின்றேன்! பதினைந்து வருடமாகச் சோறு போடும் வேலையை என் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நானும் இங்கே பிறந்தவள்தானே. பிணைப்பு, சமிக்ஞை, பண்பு என்று அகராதிச் சொல் போட்டுப் பார்த்தேன். அம்மா மரியாதைக்குத் தலையாட்டினா.

அன்றிரவு அம்மா சோறு வைக்கும்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அவ தண்ணீரை அளப்பதில்லை. அரிசிக்கு மேலே விரலை வைத்து ஒரு கணு தண்ணீர். இரண்டு பேருக்கும் அதுதான், பிறந்தநாளுக்கு வரும் இருபது பேருக்கும் அதுதான். எத்தனை கோப்பை என்று அவவுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. தண்ணீர் எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறா, அரிசி கூடினால் தண்ணீரும் தானாகக் கூடும். விவரிப்பு மொழி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். சாதாரண நிரல் மொழியில் "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று அடுக்கிக்கொண்டு போக வேண்டும். இங்கே "இது இப்படி இருக்க வேணும்" என்று சொல்லிவிட்டால் போதும்.

தண்ணீரின் உயரம் ஒரு புரொப்பர்ட்டி. அகலம், நிறம், எழுத்தின் அளவு எல்லாம் அப்படித்தான். "அரிசியை விட ஒரு கணு கூட" என்ற உறவுதான் பைண்டிங். எழுதும்போது பெயரைப் போட்டு, முக்காற்புள்ளி வைத்து, பக்கத்தில் கணக்கை எழுதுவோம். உயரம், முக்காற்புள்ளி, அகலத்தில் பாதி. அகலம் மாறும் நேரமெல்லாம் உயரமும் மாறும். ஒருவரும் போய்ச் சொல்லத் தேவையில்லை.

அம்மா கரண்டியோடு நின்று முழுதாகக் கேட்டா. "அப்ப விசில்?" என்றா. அதுவும் இருக்கிறது! குக்கர் விசில் அடிப்பது சிக்னல். ஆர் வீட்டில் நிற்கினம் என்று குக்கருக்குத் தெரியாது, அது பாட்டுக்கு அடிக்கும். எழும்பிப் போய் அடுப்பை நிப்பாட்டும் ஆள் ஹான்ட்லர். பட்டனைத் தொட்டால் "கிளிக்ட்" என்று சிக்னல் வரும், அதைக் கேட்டு வேலை செய்யும் துண்டின் பெயர் "ஒன்கிளிக்ட்".

பிறகு அந்தப் பிழை வந்தது. மேலே ஒரு புரொப்பர்ட்டி வைத்து அதற்கு "அளவு" என்று பெயர் போட்டிருந்தாள். அளவு, முக்காற்புள்ளி, ஸ்லைடரின் பெறுமதி. எல்லா எழுத்துகளும் அந்த அளவைப் பார்த்து நிற்கும். ஸ்லைடரை இழுத்தால் எழுத்து பெருக்கும், அருமையாக வேலை செய்தது. அம்மாவின் விரலுக்கு ஸ்லைடர் வழுக்குகிறது என்று "பெரிசு" என்று ஒரு பட்டனும் போட்டாள். அமத்தினால் 60. ஆனால் ஒருக்கா பட்டனை அமத்தின பிறகு ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் எழுத்து அசையாது. பிழை என்று ஒரு வரிகூட எழுதிக் காட்டவில்லை. ஒன்றரை மணித்தியாலம் தேடினோம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இதே பிழையை நான் வேலையிலும் விட்டிருக்கிறேன்.

பட்டனுக்குள் அவள் எழுதியது: அளவு, சமக்குறி, 60. முக்காற்புள்ளி உறவு வைக்கும், சமக்குறி ஒரு இலக்கத்தைப் போட்டுவிட்டுப் போகும். போடும்போது பழைய உறவை அறுத்துவிடும், சத்தமில்லாமல். அம்மாவின் பாசையில், விரல்கணுவை மறந்து "நாலு கோப்பை" என்று முடிவெடுத்த மாதிரி. அதற்குப் பிறகு எவ்வளவு அரிசி போட்டாலும் நாலு கோப்பைதான்.

திருத்தம் ஒரு வரி. பட்டன் அளவைத் தொடக்கூடாது, ஸ்லைடரின் பெறுமதியை 60 ஆக்க வேண்டும். அளவு ஸ்லைடரைப் பார்த்துத் தானாக மாறும், உறவும் அறாது. பிள்ளை ஓடிப்போய் அம்மம்மாவிடம் சொன்னாள்: "நான் கோப்பையால அளந்திட்டன், அம்மம்மா!" ஒரு முழு வசனம். நான் குசினிக்குள் நின்று கேட்டேன்.

அட்டவணைக்கு மாடல், டெலிகேட் என்ற இரண்டு சொல் தேவைப்பட்டது. மாடல் என்பது சரக்கு, டெலிகேட் அச்சு. இடியப்ப உரலின் தட்டு மாதிரி: ஒரு பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று ஒருமுறை எழுதினால் போதும், மாடலில் எத்தனை இருக்கிறதோ அத்தனை பெட்டி விழும். 216 உயிர்மெய்யையும் அவள் தட்டவில்லை. 18 எழுத்து ஒரு பட்டியல், 12 உயிர்க்குறி இன்னொரு பட்டியல், அகரத்துக்குக் குறி இல்லாததால் முதல் இடம் வெறுமை. பெட்டியின் இலக்கத்தை 12ஆல் பிரித்தால் ஈவு வரிசையைத் தரும், மிச்சம் குறியைத் தரும். "அப்ப 30தான் பாடமாக்க வேணுமா? ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?" என்று என்னிடம் கோபித்தாள். தமிழ்ப் பள்ளியில் கட்டாயம் சொல்லியிருப்பார்கள்.

இந்த இடத்தில் அம்மா குறுக்கிட்டா. கொம்பியூட்டருக்கு அடிப்படை க, அதன்மேல் புள்ளி போட்டால்தான் க். யூனிகோட் அப்படித்தான் வைத்திருக்கிறது. அம்மாவுக்கு இது பெரிய அநியாயம். "மெய்தான் முதல். க்-உம் அ-வும் சேர்ந்தால்தான் க. ஆர் உதைத் தலைகீழாக்கினது?" இரண்டு பேரும் அரை மணித்தியாலம் வாதாடினார்கள், பாதித் தமிழ், பாதிக் கை. நான் தலையிடவில்லை. ஸ்டேட், டிரான்சிஷன் என்று இன்னும் சொல்ல இருந்தது, பச்சை, சிவப்பு நிறம் மாறும் அளவுக்கு மட்டும் காட்டிவிட்டு விட்டேன்.

போன ஞாயிறு முதல் ஆட்டம். அம்மா "ழ" என்றா, பிள்ளை "ள"வைத் தொட்டாள், பெட்டி சிவந்தது. மூன்றாம் தரம் பச்சை. எழுத்தளவு 90இல் நின்றது, அம்மா கண்ணாடி போடவில்லை. கொஞ்ச நேரம் திரையை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டா: "ஃ எங்க, பிள்ளை?"

மறந்துபோனாள். 12, 18, 216, அதோடு ஒன்று, மொத்தம் 247. அந்த ஒன்றுக்கு வரிசையும் இல்லை, நிரலும் இல்லை, எந்த மாடலிலும் சேராது. இருந்து யோசித்தாள். பிறகு தனியாக ஒரு பெட்டி செய்து, வலப்பக்க அடியில் ஜன்னலோடு நேராகக் கட்டினாள். இந்த முறை எச்சரிக்கை வரவில்லை.